சூப்பர்மேன் ஏன் தான் யார் என்பதை மறைக்கிறார்?

பழையபுத்தகப்பிரியன்:
ஆரம்பகால சூப்பர்மேன் கதைகளை வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு விஷயம் உறுத்துகிறது. காரையே தலைக்கு மேல் தூக்குகிற ஆள் எதற்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு கிளார்க் கென்ட் என்று பயந்தாங்கொள்ளியாக நடிக்க வேண்டும்? குடும்பத்தைக் காப்பாற்றத்தான் என்கிறார்கள். ஆனால் 1939-ல் வந்த ‘சூப்பர்மேன்’ முதல் இதழில், வளர்த்த அப்பா அம்மா இருவரும் அவர் சூப்பர்மேன் ஆவதற்கு முன்பே இறந்துவிடுகிறார்களே. அப்புறம் யாரைக் காப்பாற்ற?

காமிக்ஸ்ராஜா:
அந்த இதழிலேயே காரணம் இருக்கிறது, கிளார்க் என்ற பெயரில் நிருபராகப் பத்திரிகை ஆபீசில் இருந்தால் எங்கே என்ன ஆபத்து என்று உடனே தெரியும். அதோடு அந்தக் கால சூப்பர்மேன் சட்டத்துக்கு அடங்குகிற ஆளும் இல்லை. 1938-ல் வந்த முதல் கதையில், மின்சார நாற்காலிக்குப் போகவிருந்த ஒரு அப்பாவிப் பெண்ணைக் காப்பாற்ற ராத்திரியில் கவர்னர் வீட்டுக்குள் நுழைந்து, படுக்கையறை இரும்புக் கதவையே பெயர்த்து எடுக்கிறார். விலாசம் தெரிந்தால் போலீஸ் விடுமா?

தேன்மொழி:
அதெல்லாம் சரி, ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது கிளார்க்கோடு வேலை பார்க்கிற நிருபர் லோயிஸ்தான். அதே முதல் கதையில் கிளார்க் அவளை நடனத்துக்குக் கூட்டிப்போகிறார், ஒரு ரவுடி குறுக்கே வந்து வம்பு செய்கிறான், கிளார்க் பேசாமல் ஒதுங்கிக்கொள்கிறார். அவளே ரவுடியை அறைந்துவிட்டு, கிளார்க்கைக் கோழை என்று திட்டிவிட்டுப் போய்விடுகிறாள். கொஞ்ச நேரத்தில் அந்த ரவுடிக் கும்பல் அவளைக் கடத்த, காரைத் தூக்கி உடைப்பது அதே கிளார்க். யாரும் மதிக்காத ஒருத்தனுக்குள் இவ்வளவு பலம் இருக்கிறது என்பது நமக்கு மட்டும் தெரியும், அவளுக்குத் தெரியாது. ரகசியம் இல்லையென்றால் அந்தக் கதையில் எனக்குப் பிடித்த எதுவுமே மிஞ்சாது. படிக்கிற பையன்களும் பெண்களும் அந்த கிளார்க்கில்தான் தங்களைப் பார்த்திருப்பார்கள்.

சிலந்திநேசன்:
குடும்பக் காரணம் ஸ்பைடர்மேனுக்குத்தான் பொருந்தும், அதுவும் பயங்கரமாக. ஸ்பைடர்மேன் உண்மையில் பீட்டர்தான் என்று வில்லன் கிரீன் காப்ளின் தெரிந்துகொண்டதன் விலை 1973-ல் 121-ஆம் இதழில் வருகிறது: பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசியைப் பாலத்திலிருந்து தள்ளிவிடுகிறான், வலை அவளைப் பிடிக்கிறது, மேலே இழுத்துப் பார்த்தால் உயிர் இல்லை. ரகசியத்தைக் காப்பதும் லேசில்லை. 1963 முதல் இதழில் மேடை நிகழ்ச்சிக்குக் கிடைத்த காசோலை ஸ்பைடர்மேன் பெயரில் இருக்கும், அடையாள அட்டை இல்லாமல் வங்கியில் பணம் தர மாட்டார்கள். வீட்டில் அவனை வளர்த்த அத்தை மே பணத்துக்குத் திண்டாடுகிறாள், இவன் கையில் மாற்ற முடியாத காசோலை!

பழையபுத்தகப்பிரியன்:
அப்படியென்றால் ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்கிற சூப்பர்ஹீரோ குழு எப்படி? 1961-லிருந்தே அவர்கள் பெயரும் முகமும் ஊருக்கே தெரியுமே.

சிலந்திநேசன்:
அவர்கள் நாலு பேரும் சேர்ந்தே இருக்கிறார்கள், வீட்டு ஆட்களும் அவர்களேதான். அவர்களில் ஒருவனான பென் கிரிம்மால் தன் பாறை போன்ற உடம்பை மறைக்கவும் முடியாது. பீட்டர் வெளியே போனால் அத்தை தனியாகத்தான் இருப்பாள். 2006-ல் அவன் எல்லார் முன்னாலும் முகமூடியைக் கழற்றினான், அடுத்த வருஷமே அத்தை மீது குண்டு பாய்ந்தது.