சிட்னி துறைமுகத்தில் மகளோடு தூண்டில் போட்டி: வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. அடுத்த சனிக்கிழமை சிட்னி துறைமுகப் படகுத்துறை ஒன்றில் நடக்கும் குடும்ப மீன்பிடிப் போட்டிக்கு 7 வயது மகளோடு பெயர் கொடுத்திருக்கிறேன். 18 வயதுக்குக் கீழ் என்பதால் அவளுக்கு உரிமம் வேண்டாம்.

நேற்றுப் பழகப் போனபோது இறால் துண்டுக்கு ஒரு பிரீம் மீன் மாட்டியது. 25 சென்டிமீட்டர் இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம், அளந்தால் 19தான். தூண்டில் முள்ளை விழுங்கியிருந்தது. கழற்றி விடுவதற்குள் செவுளில் ரத்தம் கசிந்துவிட்டது. மகள் அழுதுவிட்டாள், எனக்கும் மனசே ஆறவில்லை.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: உதட்டிலேயே மாட்ட வட்ட முள் நல்லதா, எந்த அளவு? ஆழமாகப் போய்விட்டால் தங்கூசியை (தூண்டில் நரம்பை) வெட்டி அப்படியே விடுவதுதான் சரியா? அப்புறம், 22 கிலோ பிள்ளைக்கு லைஃப் ஜாக்கெட் யாரிடமாவது இரவல் கிடைக்குமா? ஞாயிறே திருப்பித் தந்துவிடுகிறேன்.