பழைய செய்தித்தாளும் இன்றைய காட்டுத்தீயும்: 1851ஐ எப்படி வாசிப்பது?

வினா:
மெல்பர்னில் வசிக்கிறேன். கோடை வந்தாலே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒருவர், 1851 பிப்ரவரி 6 'கறுப்பு வியாழன்' தீயைப் பற்றிய நாளிதழ்த் துணுக்கைப் பகிர்ந்து, அன்றே விக்டோரியா மாநிலத்தின் கால்பங்கு எரிந்தபோது இன்று எதற்கு இத்தனை பதற்றம் என்று கேட்கிறார். பழைய நாளிதழ்களை ஏற்றியுள்ள ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் 'புஷ்ஃபயர்' (காட்டுத்தீ) என்று தேடி ஆண்டுவாரியாக எண்ணினேன். 1954க்குப் பின் எண்ணிக்கை சட்டென்று விழுகிறது. தீ குறைந்ததா?

மறுமொழி 1:
குறைந்தது தீ அன்று, நாளிதழ்தான். பதிப்புரிமை காரணமாகப் பெரும்பாலான இதழ்கள் அங்கே 1954 வரைதான் ஏற்றப்பட்டுள்ளன. மேலும், பழைய இதழ்கள் அச்சொல்லைப் 'புஷ்', 'ஃபயர்' என்று பிரித்தே அச்சிட்டன. அச்சுப் படத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் கணினி, மை பரவிய பத்திகளில் 'ஃபயர்' என்பதை 'ஃபைவ்' என்று படித்திருப்பதையும் கண்டு, நானே சில வரிகளைத் திருத்தியிருக்கிறேன்.

மறுமொழி 2:
அத்துணுக்குகளில் வரும் 117 பாரன்ஹீட் வெப்பத்தையும் அப்படியே இன்றைய அளவோடு ஒப்பிட வேண்டாம். வெப்பமானியை வெயில் படாத மரக்கூண்டில் வைக்கும் முறை ஆஸ்திரேலியா முழுவதும் சீரானது 1910 வாக்கில்தான். அதற்கு முன் அது வராந்தாச் சுவரிலும் தொங்கியிருக்கலாம். கால்பங்கு, அதாவது சுமார் 50 லட்சம் ஹெக்டேர், என்பதும் மதிப்பீடே, எவரும் அளந்ததன்று. ஆனால் எந்தக் குடியிருப்பு எந்த நாளில் எரிந்தது, காற்று எத்திசையில் வீசியது என்பவற்றுக்கு அந்தப் பத்திகளை நான் பெரிதும் நம்புவேன்.

மறுமொழி 3:
இதழ்களின் மௌனத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 71 பேரைப் பலிகொண்ட 1939 ஜனவரி 13 'கறுப்பு வெள்ளி' பக்கம் பக்கமாக அச்சேறியது. அதைவிடப் பல மடங்கு பரப்பில், ஏறத்தாழ 11.7 கோடி ஹெக்டேரில், 1974–75இல் பரவிய தீயோ, பெரும்பாலும் ஆளரவமற்ற உள்நாட்டுப் புல்வெளியில் எரிந்ததால், அதிகம் பேசப்படவே இல்லை. அதன் முழு அளவு பின்னர்ச் செயற்கைக்கோள் படங்களால்தான் தெரிந்தது. மழைக்குப் பின் செழித்த புல் எரிவதும் காடு எரிவதும் ஒன்றல்ல. 2019–20இல் கிழக்கு ஆஸ்திரேலியாவின் மிதவெப்ப அகன்ற இலைக் காடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஒரே பருவத்தில் எரிந்தது. வழக்கமாக எரிவது நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு. ஆகவே பரப்பை மட்டுமன்றி, எரிந்தது எது என்றும் சித்தப்பாவிடம் கேளுங்கள்.

வினா எழுப்பியவர்:
மூவருக்கும் நன்றி. இரு சொல்லாகப் பிரித்துத் தேடியதும் 1939 ஜனவரி இதழ்கள் வந்து குவிகின்றன. 1974 கணக்கை மட்டும் சித்தப்பாவிடம் சொல்லத் தயங்குகிறேன். புல்வெளி என்பதை விட்டுவிட்டு, எண்ணை மட்டும் அடுத்த துணுக்காக்கிவிடுவார்.