30 மிமீ ஐபீஸ், ஓரத்தில் நட்சத்திரம் சிறகு விரிக்கிறது. எதை வாங்குவது? (அவசரம்)

நிலாத்துண்டு
வணக்கம். என்னிடம் இருப்பது 1200 மிமீ குவியத் தூரம் கொண்ட டாப்சோனியன், ஆடி வைத்த தொலைநோக்கி. அதோடு வந்த 30 மிமீ அகலக்கோண ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) நடுவில் பரவாயில்லை. ஓரத்துக்குப் போகப் போக ஒவ்வொரு நட்சத்திரமும் பறவை சிறகு விரித்த மாதிரி இழுபடுகிறது. மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். எக்ஸ்ப்ளோர் சயன்டிஃபிக் 68 டிகிரி (பார்வைக் கோணம்) 24 மிமீ, அதே கம்பெனியின் 82 டிகிரி 14 மிமீ, பாடர் ஹைப்பீரியன் 24 மிமீ. மூன்றில் எது? நண்பர் நாளை ராத்திரி ஆர்டர் போடுகிறார், சீக்கிரம் சொல்லுங்கள்.

முகில்விரோதி
ஆடியின் விட்டம்? ஃபோக்கசர், அதாவது ஐபீஸ் செருகும் குழல், 1.25 அங்குலமா, 2 அங்குலமா? மூக்குக்கண்ணாடி போடுகிறவரா? முக்கியமாக எதைப் பார்க்கப் போகிறீர்கள்? இது நாலும் தெரியாமல் யார் பதில் சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

சப்தரிஷி
1200 என்றால் 8 அங்குலம், எஃப்/6, அதாவது குவியத் தூரம் விட்டத்தைப் போல ஆறு மடங்கு. இதை எல்லாம் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. எஃப்/6-இல் இவ்வளவு மோசமாக வராது. காலிமேஷன், அதாவது ஆடிகளை நேர்படுத்துவது, செய்திருக்க மாட்டார். இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதியாயிற்று, தேடிப் படிக்கிற பழக்கம்தான் யாருக்கும் இல்லை.

ஆடிதேய்ப்பவன்
1200 என்றதும் 8 அங்குலம் என்று முடிவு கட்ட முடியாது. 10 அங்குலத்திலும் 1200 உண்டு, அது எஃப்/4.7. அப்புறம், காலிமேஷன் கெட்டிருந்தால் நடுவிலேயே நட்சத்திரம் ஒருபக்கம் வழியும். இவர் நடுவில் பரவாயில்லை என்கிறார்.

நிலாத்துண்டு, பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை ஓரத்துக்குக் கொண்டுபோய் ஃபோக்கசைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். கூர்மையாகிவிட்டால் அது வெறும் புல வளைவு, நடுவும் ஓரமும் ஒரே ஃபோக்கசில் வராத குறை. விசிறி மாதிரி, முனை நடுவை நோக்கியும் வால் வெளியேயும் இருந்தால் கோமா. அது ஆடியின் குணம், எந்த ஐபீஸ் வாங்கினாலும் கூடவே வரும். ஃபோக்கசுக்கு உள்ளே ஒரு திசையில் கோடு, வெளியே போனால் அதற்குக் குறுக்காகக் கோடு என்று மாறினால் அஸ்டிக்மாட்டிசம். சிறகு என்று நீங்கள் சொல்வது அதுவாகத்தான் இருக்கும். அதில் குற்றவாளி ஐபீஸ்.

நிலாத்துண்டு
10 அங்குலம்தான். ஃபோக்கசர் 2 அங்குலம். கண்ணாடி போடுவேன், பார்க்கும்போது கழற்றிவிடுவேன். கொத்து, நெபுலா எல்லாம் பார்ப்பேன்.

சப்தரிஷி
10 என்று முதலிலேயே எழுதியிருந்தால் இவ்வளவு நேரம் வீணாகியிருக்காது. எஃப்/4.7-இல் மலிவான 30 மிமீ அப்படித்தான் இருக்கும். ஹைப்பீரியனும் எஃப்/8, எஃப்/10 மாதிரி மெதுவான தொலைநோக்கிக்குத்தான் சரி, இதில் ஓரம் குலையும். அதை அடித்துவிடுங்கள்.

முகில்விரோதி
கழற்றிவிடுவேன் என்ற இடம்தான் இடிக்கிறது. உங்கள் கண்ணில் சிலிண்டர் பவர், அதாவது கண்ணிலேயே அஸ்டிக்மாட்டிசம், இருக்கிறதா? 30-ஐ 4.7-ஆல் வகுத்தால் வெளியேறும் ஒளிக்கற்றை 6.4 மிமீ. கண்மணி அந்த அளவுக்கு விரிந்தால் கண்ணின் குறை முழுசாகத் தெரியும். 14 மிமீ போட்டால் கற்றை 3 மிமீதான், அதே கண் பாதிக் குறையை மறைத்துவிடும்.

சோதனை சுலபம். நட்சத்திரத்தை நடுவில் வைத்துக்கொண்டு தலையை மெல்லச் சாயுங்கள். இழுவையும் கூடவே சாய்ந்தால் கண். அசையாமல் நின்றால் ஐபீஸ் அல்லது ஆடி.

டாப்வண்டி
இத்தனை ஆராய்ச்சி எதற்கு? எஃப்/5-க்குக் கீழே கோமா கரெக்டர் இல்லாமல் அகலக்கோணமே வீண். முதலில் கரெக்டர், அப்புறம்தான் ஐபீஸ்.

ஆடிதேய்ப்பவன்
கரெக்டர் கோமாவைத்தான் திருத்தும். ஐபீஸின் அஸ்டிக்மாட்டிசத்தை அது தொடாது. இவருக்கு இருப்பது இரண்டாவது.

டாப்வண்டி
கோமா இல்லை என்று அவர் சொல்லவில்லையே. பெரிய சிறகுக்குப் பின்னால் சின்ன கோமா ஒளிந்திருக்கும். ஐபீஸை மாற்றிய மறுநாள் அது தலைகாட்டும், மறுபடி இங்கேதான் வருவார்.

ஆடிதேய்ப்பவன்
வரட்டும். அப்போது வாங்கிக்கொள்ளட்டும். கரெக்டர் இலவசமாகவும் வராது, பாராகார் டைப் 2 என்ற கரெக்டர் குவியத் தூரத்தை 15 சதவீதம் நீட்டிவிடும். 1200 என்பது 1380 ஆகிறது, பார்வைப் புலம் அந்த அளவுக்குச் சுருங்குகிறது. அகலம் வேண்டும் என்று வந்தவரிடம் அகலத்தைக் குறைக்கச் சொல்கிறீர்கள்.

வால்வெள்ளி
இடையில் ஒன்று. 24 மிமீ 68 டிகிரி 1.25 அங்குலக் குழலில் வருவது. அந்தக் குழலுக்குள் 27 மிமீ அளவுக்கு மேல் ஃபீல்ட் ஸ்டாப் (தெரியும் வட்டத்தின் ஓரத்தை வெட்டும் வளையம்) வைக்க முடியாது. 32 மிமீ பிளாசல் என்ற சாதாரண ஐபீஸும் காட்டுவது ஏறக்குறைய அதே வானப் பரப்புதான், இவருடைய தொலைநோக்கியில் 1.3 டிகிரி. கார்த்திகையின் முக்கிய நட்சத்திரங்கள் நெருக்கியடித்து அடங்கும், சுற்றிலும் இடம் இருக்காது. ஆனால் 24-இல் பின்னணி நன்றாக இருட்டும், படமும் பெரிது. 2 அங்குல ஃபோக்கசரை வைத்துக்கொண்டு அகலத்துக்காக 1.25 வாங்குவானேன்? ஏபிஎம் 30 மிமீ அல்ட்ரா ஃப்ளாட் ஃபீல்டு பாருங்கள். 70 டிகிரி, கண்ணாடியோடும் பார்க்கலாம்.

சப்தரிஷி
68, 70 எல்லாம் அரைகுறை. 82-இல் ஒருமுறை பார்த்தவன் திரும்ப மாட்டான். நிலாக்கலப் பயிற்சி சிமுலேட்டருக்கு ஒளியியல் அமைத்த ஆல் நாக்லர், 1980-களின் தொடக்கத்திலேயே 82 டிகிரியைக் கொண்டுவந்துவிட்டார். நாம் இன்னும் பிளாசலோடு ஒப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம்.

வால்வெள்ளி
82-இல் ஓரத்தைப் பார்க்க கண்ணை உருட்ட வேண்டும், கண்ணாடி போட்டால் அந்த ஓரம் தெரியவே தெரியாது. அப்புறம் 82 எதற்கு?

சப்தரிஷி
ஓரத்தை யார் உற்றுப் பார்க்கச் சொன்னது? வட்டத்தின் விளிம்பு கண்ணில் படாமல் இருப்பதற்குத்தான் 82.

டாப்வண்டி
ஓரம் கண்ணில் படாது என்றால் அதில் சிறகு இருந்தால் என்ன, வால் இருந்தால் என்ன? இந்த இழையே தேவையில்லை போலிருக்கிறதே.

முகில்விரோதி
இழை தொடங்கியவர் எங்கே? தலை சாய்த்துப் பார்த்தாரா இல்லையா?

நிலாத்துண்டு
பார்த்தேன். நடுவில் லேசான கோடு இருக்கிறது, தலையோடு சாய்கிறது. ஓரத்துச் சிறகு சாயவில்லை, ஃபோக்கசைத் தாண்டினால் குறுக்கே மாறுகிறது. 14 மிமீ 82 டிகிரி சொல்லிவிட்டேன், நண்பர் ஆர்டர் போட்டாயிற்று. எல்லாருக்கும் நன்றி.

முகில்விரோதி
அப்படியென்றால் இரண்டும் இருக்கிறது, நடுவில் கண், ஓரத்தில் ஐபீஸ். 14 நல்ல தேர்வு, 86 மடங்கு, சுமார் ஒரு டிகிரி வானம். 3 மிமீ கற்றையில் கண்ணாடி இல்லாமலே ஒப்பேறலாம். பழைய 30-ஐ விற்றுவிடாதீர்கள், பொருளைத் தேடிப் பிடிக்க உதவும். வந்ததும் அதே நட்சத்திரத்தை ஓரத்தில் வைத்துப் பார்த்து எழுதுங்கள்.

வால்வெள்ளி
அகலத்துக்கு என்று கேட்டுவிட்டு 14-இல் போய் முடிந்திருக்கிறது. கார்த்திகை அதில் எப்படி அடங்கும்?

டாப்வண்டி
கோமா கரெக்டர் எப்போது?