ஹட்டனில் இருந்து நெடுந்தீவு வீட்டுக்கு: மாகாணத் தடை நீங்குமுன் போக வழி உண்டா? (உதவி தேவை)

ஹட்டன் வாசி – 3 ஒக்டோபர் 2021

வணக்கம். நான் ஹட்டனில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற அரச ஊழியன். என் மனைவிக்குச் சீதனமாக எழுதிக் கொடுக்கப்பட்ட வீடு ஒன்று நெடுந்தீவில் உண்டு. தை பிறந்ததும் அங்கே போவதும், வெயில் ஏறும் சித்திரையில் மலைக்குத் திரும்புவதும் ஓய்வுக்குப் பிறகு எங்கள் வழக்கமாக இருந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நாங்கள் தீவில்தான் இருந்தோம். ஜூன் கடைசியில் அது முற்றாக நீங்கிய பிறகு, தனியே இருந்த மாமியாரையும் அழைத்துக்கொண்டு ஹட்டனுக்கு வந்தோம். அந்த டிசெம்பரில் வீசிய புரெவிப் புயலில் வீட்டின் மேற்குப் பக்கத்து ஓடுகள் கலைந்துவிட்டன. பக்கத்து வீட்டார் தறப்பாள் போட்டு மூடிவைத்தார்கள். இவ்வாண்டு தையில் மாமியாரின் கண் சத்திரசிகிச்சை காரணமாகப் போக முடியவில்லை. பிறகு மே மாதத்தில் மாகாணங்களுக்கு இடையிலான பயணத் தடை வந்துவிட்டது.

ஒக்டோபர் முதலாம் திகதி அதிகாலையோடு தனிமைப்படுத்தல் ஊரடங்கு நீக்கப்பட்டாலும் மாகாணத் தடை நீடிக்கிறது. தறப்பாள் வெயிலில் நைந்து கிழிந்துவிட்டதாகவும், அடுத்த மழை நேரே உள் அறைக்குள் இறங்கும் என்றும் பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். மழை தொடங்குமுன் நாங்கள் போய்க் கூரையைச் சரிசெய்ய, சொந்த வீடு என்ற காரணத்தைக் காட்டி அனுமதி பெற முடியுமா? பெற முடியுமானால் எந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும்? போய்ச் சேர்ந்தால் தீவில் எங்களைப் பதினான்கு நாட்கள் வீட்டுக்குள் இருக்கச் சொல்வார்களா? எழுபத்தெட்டு வயதான மாமியார் தன் வீட்டுக்குப் போயே ஆகவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறார். அவரையும் கூட்டிப் போவது சரியா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பண்டாரவளை வாசகர் – 3 ஒக்டோபர் 2021

எங்கள் ஊவா மாகாணத்திலும் இதே சிக்கல்தான், ஐயா. இங்கே பலர் தெரிந்த நிறுவனம் ஒன்றில் அத்தியாவசிய சேவைக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு போய் வருகிறார்கள். அதுவும் முடியாவிட்டால், மாகாணம் விட்டு மாகாணம் மரக்கறி ஏற்றும் லொறிகளுக்குத் தடை இல்லை என்பதால், சாரதியிடம் பேசிப் பார்க்கலாம்.

மாத்தளை வான்காரர் – 4 ஒக்டோபர் 2021

மேலே எழுதியவர் கோபிக்கக் கூடாது. அந்த இரண்டு யோசனைகளையும் நான் ஏற்கவில்லை. சரக்கு லொறியில் ஆள் ஏற்றிப் பிடிபட்டால் வழக்கு சாரதியின் தலையில் விழும். அவர் பிழைப்பதே அந்த அனுமதியை நம்பித்தான். செய்யாத வேலைக்குக் கடிதம் வாங்குவது அதைவிட மோசமானது. வழியில் யாருக்காவது தொற்று உறுதியானால், யார் எங்கிருந்து எதற்காக வந்தார் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் ஒவ்வொருவராக விசாரிப்பார்கள். அப்போது அந்தக் கடிதத்தைக் கொடுத்த நிறுவனமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

ஐயா, நீங்கள் ஒரு மாகாண எல்லையைக் கடப்பதாக நினைத்து எழுதியிருப்பது போலத் தெரிகிறது. உண்மையில் கடக்க வேண்டியவை இரண்டு. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்கு வந்து ஏ-9 வீதியைப் பிடித்தால் தம்புள்ளை வரைக்கும் மத்திய மாகாணம். அதைத் தாண்டினால் கெக்கிராவை, மிகிந்தலை, மதவாச்சி எல்லாம் வடமத்திய மாகாணம். வவுனியாவுக்குச் சற்றுத் தெற்கே ஈரட்டை பெரியகுளத்தில் வடக்கு தொடங்குகிறது. ஆகவே முதல் எல்லையில் ஒரு பொலிஸ் அதிகாரி இரக்கப்பட்டு விட்டாலும், இரண்டாவது எல்லையில் இருப்பவர் அதே மனநிலையில் இருப்பார் என்று சொல்ல முடியாது. நடுவில் திருப்பி அனுப்பப்பட்டால் வயதானவரோடு நடு வீதியில் நிற்க நேரும். மருத்துவ அவசரத்துக்கும் நெருங்கிய உறவினரின் மரணத்துக்கும் உரிய ஆவணத்தோடு போகிறவர்களை அனுமதிக்கிறார்கள். வீட்டைப் பழுதுபார்க்கப் போவதை அப்படிக் கணக்கில் எடுப்பதை நான் காணவில்லை.

இன்னொன்று, நேரம். இரவுநேர நடமாட்டக் கட்டுப்பாடு அதிகாலை நான்கு மணிவரை இருக்கிறது. நான்குக்குப் புறப்பட்டாலும் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் மட்டும் 321 கிலோமீற்றர்; அதற்கு முன்னால் உங்கள் மலைப்பாதை வேறு. குறிகட்டுவானில் அன்றைய படகைப் பிடிக்க முடியாது என்று வைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு தங்கும் ஏற்பாட்டோடுதான் இந்தப் பயணத்தை யோசிக்க வேண்டும்.

தீவான் – 4 ஒக்டோபர் 2021

ஐயா, நான் நெடுந்தீவிலேயே இருப்பவன் என்பதால் வீட்டுப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். தரைவழியில் இருக்கும் தடையைப் பற்றி வான்காரர் எழுதிவிட்டார். பண்ணைப் பாலத்தால் வேலணைக்கும் அங்கிருந்து புங்குடுதீவுக்கும் வீதியில் வரலாம்; குறிகட்டுவான் இறங்குதுறைக்கு அப்பால் ஏறத்தாழ ஒரு மணித்தியாலக் கடல் இருக்கிறது. இந்தக் கடலை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒக்டோபர், நவம்பரில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உண்டானால் படகு ஓடாத நாட்கள் வரும். டிசெம்பரில் வாடைக்காற்று பிடித்தால் இன்னும் கடினம். அனுமதி கிடைத்த நாளும் கடல் விட்ட நாளும் ஒன்றாக அமைய வேண்டும் அல்லவா?

பதினான்கு நாள் பற்றிக் கேட்டீர்கள். அதைத் தீர்மானிப்பவர் இந்தப் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரியும் அவருக்குக் கீழ் உள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகரும்தான். 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் சட்டத்தின் கீழ் அவர்களுக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. நீங்கள் வரும் பகுதியில் அந்த வாரம் தொற்று எப்படி என்பதைப் பார்த்து முடிவெடுப்பார்கள். ஆகவே புறப்படுமுன் ஹட்டனில் விசாரிப்பதோடு நிறுத்தாமல், இங்குள்ள பரிசோதகரோடும் எங்கள் கிராம உத்தியோகத்தரோடும் தொலைபேசியில் பேசி, வரும் திகதியைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வருகிறவரை ஊர் சந்தேகத்தோடு பார்க்கிறது. அதில் ஊரைக் குறைசொல்லவும் முடியாது. கடுமையான நோயாளி ஒருவரை இங்கிருந்து யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதென்றால் முதலில் கடலைக் கடக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததே.

ஆனால் கூரைக்கு நீங்கள் வரத்தான் வேண்டுமா என்று கேட்கிறேன். ஊரில் மேசன் இருக்கிறார், ஓடாவியார் இருக்கிறார். பக்கத்து வீட்டாரை மேற்பார்வைக்கு வைத்து, வேலையை வட்ஸ்அப் காணொளியில் பார்த்துப் பார்த்துப் பணத்தை வங்கியில் போட்டால் இரண்டு வாரத்தில் மேற்குப் பக்கம் முடிந்துவிடும். வீட்டு உறுதி உங்கள் மனைவியின் பெயரில் இருப்பதால், வேலைக்குச் சம்மதம் தெரிவித்து அவரே ஒரு கடிதம் எழுதிக் கிராம உத்தியோகத்தருக்கும் ஒரு பிரதி அனுப்புவது நல்லது. பிறகு யாரும் காணி எல்லையைப் பற்றியோ மரத்தைப் பற்றியோ கதை எழுப்ப இடமிருக்காது.

ஹட்டன் வாசி – 5 ஒக்டோபர் 2021

தம்பிமாருக்கு நன்றி. இரண்டு எல்லைகள் என்பதை எண்ணிப் பார்த்தபோது, தடை நீங்கும்வரை பயணத்தைத் தள்ளிவைப்பதாக வீட்டில் முடிவு செய்தோம். கூரை வேலையைத் தொடங்கச் சொல்லப் போகிறேன். என் மைத்துனர், ஓடுகளை முற்றாகக் கழற்றிவிட்டு எங்கள் மலைப்பக்கத்து வீடுகளைப் போலத் தகரம் போட்டால் செலவும் குறையும், வேலையும் விரைவில் முடியும் என்கிறார். அது சரிவருமா? மாமியாரைப் பற்றிய கேள்விக்கும் யாராவது பதில் சொல்ல வேண்டுகிறேன்.

தீவான் – 5 ஒக்டோபர் 2021

தகரம் வேண்டாம், ஐயா. உப்புக்காற்றில் ஆணியடித்த துளைகளிலிருந்து துருப்பிடிக்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் விளிம்புகள் உதிர்ந்துவிடும். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் அதன் இரைச்சலில் உறங்கவும் முடியாது. ஓடுகளில் உடைந்தவற்றை மட்டும் மாற்றினால் போதும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது கீழே ஓடுகளைத் தாங்கும் மரச்சட்டங்களான சிலாகைகள். ஒரு மழைக்காலம் முழுவதும் தறப்பாளுக்குக் கீழே ஈரம் காயாமல் இருந்தவை என்பதால், மேலே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே உளுத்திருக்கலாம். நல்ல வைரம் பாய்ந்த பனஞ்சிலாகை இங்கேயே கிடைக்கும். அதைப் போட்டால் உங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும்.

மருத்துவத் தாதி, மலையகம் – 6 ஒக்டோபர் 2021

ஐயா, உங்கள் மாமியார் தடுப்பூசி இரண்டும் போட்டு இரண்டு வாரம் கடந்துவிட்டதா என்பதை முதலில் பாருங்கள். கடந்திருந்தாலும், ஊசி போட்டவருக்குத் தொற்று வராது என்றோ அவரிடமிருந்து பரவாது என்றோ இல்லை. கடுமையான நோய் வரும் வாய்ப்புக் குறைகிறது, அவ்வளவுதான். முதியவர்களில் அந்தப் பாதுகாப்பு இளையவர்களைவிடக் குறைவாக இருப்பதும் உண்டு. புறப்படுமுன் செய்யும் விரைவு அன்டிஜன் பரிசோதனையையும் முழுமையாக நம்பிவிடாதீர்கள்; தொற்றிய ஆரம்ப நாட்களில் அது இல்லை என்று காட்டக்கூடும்.

என் கருத்தில், தடை நீங்கிய பிறகும் முதலாவது பயணத்தில் அவரைக் கூட்டிச் செல்ல வேண்டாம். காரணம் கொரோனா மட்டுமல்ல. நீண்ட நாள் பூட்டியிருந்த வீட்டில் பூஞ்சணமும் எலி எச்சமும் இருக்கும். கிணற்றை இறைத்துக் குளோரின் இட்டு, அறைகளை இரண்டு மூன்று நாள் திறந்து காயவிட்ட பிறகே வயதானவர் அங்கே உறங்கலாம். ஆயிரத்து இருநூறு மீற்றருக்கு மேலே உள்ள ஹட்டனின் குளிரில் இத்தனை காலம் இருந்துவிட்டு ஒரேயடியாகத் தீவின் வெக்கைக்குப் போனால் உடல் நீரை விரைவாக இழக்கும், தாகமும் அவருக்கு உடனே தெரியாது.

அவர் கிளினிக்கில் மருந்து எடுப்பவராக இருந்தால் குறைந்தது இரண்டு மாதத்துக்குப் போதுமான அளவைக் கேட்டு வாங்குங்கள். கடந்த ஆண்டு ஊரடங்கின்போது கிளினிக் மருந்துகளைத் தபாலில் அனுப்பினார்கள். ஆனால் படகு ஓடாத வாரத்தில் தபாலும் தீவுக்கு வராது என்பதை நினைவில் வையுங்கள். கிளினிக் புத்தகத்தின் பிரதி ஒன்றை உங்கள் கைப்பையில் வேறாக வைத்திருந்தால், அங்குள்ள வைத்தியர் அதைப் பார்த்துத் தொடர முடியும்.

பண்டாரவளை வாசகர் – 6 ஒக்டோபர் 2021

கடிதம் பற்றி நான் எழுதியதை வான்காரர் மறுத்தது நியாயம்தான். இருந்தாலும், சொந்த வீட்டை மழையிலிருந்து காக்கப் போவது ஏன் அத்தியாவசியம் ஆகாது என்ற கேள்வி என் மனதில் இன்னும் இருக்கிறது.

மாத்தளை வான்காரர் – 7 ஒக்டோபர் 2021

கேள்வி நல்லதுதான். ஆனால் அதைக் கெக்கிராவைச் சோதனைச்சாவடியில் நின்று கேட்க முடியாது. பிரதேச செயலகத்துக்கு எழுதிக் கேட்டால் குறைந்தபட்சம் பதில் ஒன்று கையில் இருக்கும்.

ஹட்டன் வாசி – 12 நவம்பர் 2021

நடந்ததைத் தெரிவிப்பது கடமை என்பதால் எழுதுகிறேன். தடை நவம்பர் முதலாம் திகதி அதிகாலை நான்கு மணிக்கு நீங்கியதும், மாமியாரை இளைய மகளின் பொறுப்பில் விட்டுவிட்டு மனைவியும் நானும் அந்த வாரமே வாடகை வானில் புறப்பட்டோம். யாழ்ப்பாணத்தில் இரவு தங்கி, மறுநாள் காலையில் குறிகட்டுவானில் படகேறினோம். முன்கூட்டியே பேசியிருந்ததால் பரிசோதகர் தடுப்பூசி அட்டைகளைப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இருமல் ஏதாவது கண்டால் உடனே அறிவிக்கும்படி மட்டும் சொன்னார். சிலாகைகளைப் பற்றித் தம்பி சொன்னது அப்படியே சரியாக இருந்தது. பாதிக்கு மேல் உளுத்துப் போயிருந்தவற்றை மேசன் எங்கள் வருகைக்கு முன்பே மாற்றியிருந்தார். வானிலை அறிவிப்பைக் கேட்டு விரைவாகத் திரும்பியது நல்லதாயிற்று, ஏனென்றால் இரண்டாம் வாரத்தின் தொடக்கத்திலேயே வடக்கில் பெருமழை கொட்டிவிட்டது. மேற்குப் பக்கம் ஒழுகவில்லை என்று பக்கத்து வீட்டார் அறிவித்தார்கள்.

மாமியாரைத் தை மாதம் கடல் அடங்கிய பிறகு கூட்டிச் செல்வதாகச் சொல்லியிருக்கிறோம். அவருக்கு அதில் திருப்தி இல்லை. படகில் போய் வந்த பழக்கம் எனக்கா உனக்கா என்று என் மனைவியிடம் கேட்கிறார்.

இனி எஞ்சியிருப்பது முகட்டு ஓடுகளின் பூச்சு வேலை. ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாட்டை நீக்கிய பிறகு சீமெந்தின் விலை ஏறிவிட்டது. ஹட்டன் கடைகளில் கேட்டாலும் இல்லை என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் வாங்கித் தீவுக்கு அனுப்புவது எப்படி?

தீவான் – 13 நவம்பர் 2021

ஐயா, மலையிலிருந்து சீமெந்து சுமக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். முகட்டுப் பூச்சுக்கு நான்கைந்து பைகளுக்கு மேல் தேவைப்படாது. யாழ்ப்பாணத்தில் கடைக்காரரிடம் பணம் கட்டி, குறிகட்டுவானுக்கு ஏற்றிவிடச் சொல்லுங்கள். அங்கிருந்து சரக்குப் படகில் ஏற்ற பக்கத்து வீட்டாரின் மகனை அனுப்பலாம். மழை ஓய்ந்து இரண்டு நாள் வெயில் எறித்த பிறகே எடுக்க வேண்டும். ஒவ்வொரு பையையும் பொலித்தீனால் சுற்றிக் கட்டி, படகின் அடித்தட்டில் வைக்காமல் பலகைமேல் அடுக்கச் சொல்லுங்கள்; கடல் தண்ணீர் பட்ட பை மேசன் கைக்கு வரும்போது கல்லாகிவிடும், கடைக்காரரும் திருப்பி எடுக்கமாட்டார்.