பாமினி, டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டுக் கோப்புகள் நிறைந்த பழைய விண்டோஸ் 98 வட்டு: யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி? எதைப் பொதுவில் வைக்கலாம்?

சிற்றிதழ்ப்பெட்டி (கேள்வி):

வணக்கம். நின்றுபோன ஒரு சிற்றிதழின் கணினியைக் காப்பாற்ற வேண்டும். பென்டியம் 2, விண்டோஸ் 98, 4.3 ஜி.பி. ஐ.டி.ஈ. (பழைய 40 ஊசி இணைப்பு) வட்டு, கூடவே முப்பது சொச்சம் ஃப்ளாப்பி. 1999 முதல் 2004 வரை வந்த இதழ்களின் பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு நிரல்), வேர்ட் கோப்புகள், வாசகர் கடிதங்கள், அன்றைய தமிழ் இணையப் பக்கங்களைச் சேமித்தவை எல்லாம் இதில் உண்டு. கணினியை இன்னும் மின்சாரத்தில் செருகவில்லை.

ஒரு ஃப்ளாப்பி மட்டும் புதிய மடிக்கணினியில் திறந்தது. தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் தலைகால் புரியாத ஆங்கில எழுத்து. இணையத்தில் கிடைத்த மாற்றியில் போட்டால் முக்கால்வாசி தமிழாகிறது. ஆனால் ஆங்கிலப் பெயர்களும் சேர்ந்து தமிழாகி உளறுகின்றன. "வௌியீடு", "அவா்கள்", "ஆசிாியர்" என்று வருகிறது. சில வாக்கியங்கள் "துமிழ்", "குடிதம்" என்று தொடங்குகின்றன.

வட்டை எப்படி எடுப்பது? இந்தப் பிழைகள் ஏன் வருகின்றன? சேமிக்க யூனிகோடா (எல்லா மொழிக்கும் பொதுவான இன்றைய குறியீடு), டேஸ் 16-ஆ (தமிழுக்கென்று வந்த தனிக் குறியீடு)? கடிதங்களையும் மற்றவர்களின் பழைய பதிவுகளையும் வலையேற்றுவது முறையா?

---

சாலிடர்கம்பி:

கணினியை இயக்காமல் வைத்திருப்பது நல்லது, அப்படியே இருக்கட்டும். இருபது வருடம் சும்மா கிடந்த எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மின்சாரம் பட்டதும் வெடித்தால் வட்டின் சர்க்யூட்டையும் கொண்டுபோய்விடும். தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி எப்படியும் செத்திருக்கும், அதைப்பற்றிக் கவலை வேண்டாம். வட்டை மட்டும் கழற்றுங்கள்.

ஐ.டி.ஈ.-யூ.எஸ்.பி. மாற்றி ஒன்று வாங்குங்கள். 12 வோல்ட் தரும் தனி அடாப்டரோடு வருவதாகப் பார்த்து வாங்க வேண்டும். மூன்றரை அங்குல வட்டின் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுவது, யூ.எஸ்.பி. துளையின் 5 வோல்ட் போதாது. வட்டின் பின்புறம் 40 ஊசிக்குப் பக்கத்தில் சின்ன ஜம்பர் இருக்கும். அதை மாஸ்டர் நிலையில் வையுங்கள், ஸ்லேவ் நிலையில் இருந்தால் பெரும்பாலான மாற்றிகள் வட்டையே பார்க்காது. முதலில் வட்டுக்கு மின்சாரம் கொடுத்து, அது சுற்றி நிலைக்குவந்த பிறகு யூ.எஸ்.பி.யைச் செருகுங்கள்.

விண்டோஸில் செருகாதீர்கள். கேட்காமலே வட்டில் எழுதும், "சரிசெய்யட்டுமா" என்று கேட்கும். சரிசெய்யும் நிரல் பழுதான இடத்தில் இருக்கும் கோப்புத் துண்டுகளை வெட்டி எறிந்துவிடும். லினக்ஸ் லைவ் பென்டிரைவில் ஏறி, வட்டு தானாகத் திறந்துகொள்வதை (மவுண்ட் ஆவதை) நிறுத்திவிட்டு, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் கொண்டு முழு வட்டையும் ஒரே படிமக் கோப்பாக (வட்டின் முழு நகலாக) எடுங்கள். முதல் சுற்றில் நல்ல பகுதிகளை மட்டும் எடுத்து, பழுதானதைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். இரண்டாவது சுற்றில் பழுதான இடங்களுக்கு மூன்று முறை முயலச் சொல்லுங்கள். எதுவரை எடுத்தாயிற்று என்று குறித்துவைக்கும் மேப் கோப்பு கட்டாயம் கொடுங்கள். நடுவில் நின்றுபோனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வட்டு "டக் டக்" என்று அடித்தால் உடனே நிறுத்துங்கள்.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: படிமத்தைச் சேமிக்கும் பென்டிரைவ் ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில் இருந்தால் ஒரு கோப்பு 4,29,49,67,295 பைட்டைத் தாண்ட முடியாது. 4.3 ஜி.பி. வட்டு அதைக் கொஞ்சமாகத் தாண்டும். தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் நின்றுபோகும். எக்ஸ்ஃபேட் அல்லது எக்ஸ்ட்4 ஆக ஃபார்மட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளாப்பிகளில் ஷட்டரை விலக்கி வட்டைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை. அதை அப்படியே உள்ளே போட்டால் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல ஃப்ளாப்பியையும் கீறிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெல்லத் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் போடுங்கள். மூலையில் உள்ள துளை திறந்திருந்தால்தான் எழுத்துத் தடை செயல்படும்; எல்லாவற்றையும் திறந்துவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

---

எழுத்துருக்காரி:

சாலிடர்கம்பி சொன்னதோடு ஒன்று: படிமம் கிடைத்ததும் முதலில் எடுக்க வேண்டியது கட்டுரைகளை அல்ல, விண்டோஸ் அடைவுக்குள் இருக்கும் எழுத்துரு அடைவை. ஏன் என்று சொல்கிறேன்.

பாமினியில் "அம்மா" என்ற சொல் கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்றுதான் கிடக்கிறது. ஆங்கில எழுத்து இருந்த இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த எழுத்துரு அது. ஆக "இது தமிழ்" என்று சொல்லும் தகவல் எழுத்துகளில் இல்லை, எழுத்துருவின் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. வேர்ட் கோப்பு ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துருப் பெயரை வைத்திருக்கும். அதை வெறும் உரையாக மாற்றினாலோ, வெட்டி ஒரு பெட்டியில் ஒட்டினாலோ அந்தப் பெயர் போய்விடும். உங்கள் ஆங்கிலப் பெயர்கள் உளறலானது இதனால்தான்.

செய்ய வேண்டியது: கோப்பை லிப்ரே ஆபீஸில் திறந்து, தட்டையான எக்ஸ்எம்எல் வடிவில் சேமியுங்கள். அதில் எந்தத் துண்டு எந்த எழுத்துரு என்பது வெளிப்படையாக இருக்கும். பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்றிக்கு அனுப்புங்கள். பேஜ்மேக்கர் கோப்புகளையும் லிப்ரே ஆபீஸ் திறக்கும். பக்க அமைப்பு கலையலாம், உரை பெரும்பாலும் கிடைக்கும். இன்டிசைன் என்றால் சிஎஸ்6 வரைதான் பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தது.

இனி பிழைகள். "அவா்கள்", "ஆசிாியர்" வருவதற்குக் காரணம் தட்டச்சுப் பழக்கம். ரகரத்தின் கால் இல்லாத வடிவத்துக்குத் துணைக்கால் விசையையே அடிப்பார்கள். அச்சில் கண்ணுக்குத் தெரியாது, மாற்றினால் தெரியும். துணைக்காலுக்குப் பின் புள்ளியோ, இகர, ஈகாரக் குறிகளோ தமிழில் வரவே வராது. அதனால் "ா்" என்பதை "ர்" என்றும், "ாி" என்பதை "ரி" என்றும், "ாீ" என்பதை "ரீ" என்றும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

"வௌியீடு" வேறு கதை. பாமினியில் ஔகாரத்தின் வலப்பாதியும் ளகரமும் ஒரே விசை. ஒற்றைக்கொம்பு, வகரம், ளகரம் என்று கண்டதும் மாற்றி "வௌ" என்று முடிவுகட்டிவிடுகிறது. ஔகாரக் குறிக்குப் பின் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது நிச்சயம் தவறு. கொம்பும் ளகரமுமாகப் பிரித்துவிடுங்கள். அப்படி எதுவும் பின்னால் வராதவற்றை, "கௌரவம்" போன்றவற்றை, ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் தீர வேண்டும்.

"துமிழ்", "குடிதம்": இது மாற்றியின் தவறே இல்லை. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வேலையை வேர்ட் தானாகச் செய்தது. பாமினியில் சிறிய ஜே தகரம், பெரிய ஜே "து". சிறிய எஃப் ககரம், பெரிய எஃப் "கு". சிறிய எம் அகரம், பெரியது ஆகாரம். ஆக "அவர்" என்று அடித்தது "ஆவர்" ஆகியிருக்கும், "பல" என்பது "புல" ஆகியிருக்கும். முற்றுப்புள்ளிக்குப் பின் வரும் முதல் சொற்களை மட்டும் தனியே பட்டியலெடுத்துப் பாருங்கள். "குடி" என்று தொடங்கும் சொல் சரியாகவும் இருக்கலாம் என்பதால் தானியங்கி மாற்றம் இங்கே ஆகாது. அச்சான இதழிலும் அந்தப் பிழை இருந்தால் மூலத்தில் தொடாதீர்கள், திருத்திய படியைத் தனியாக வையுங்கள்.

பெயர் தெரியாத எழுத்துரு வந்தால் ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு நிரலில் திறந்து 33 முதல் 255 வரை ஒவ்வோர் இடத்திலும் என்ன வடிவம் இருக்கிறது என்று அட்டவணை போடுங்கள். அரை நாள் வேலை, ஆனால் ஒருமுறை போட்டால் அந்த எழுத்துருவில் உள்ள எல்லாக் கோப்புக்கும் அதுவே சாவி. மாற்றும்போது நீளமான சேர்க்கையை முதலில் மாற்ற வேண்டும். "கொ"வை மாற்றும் முன் "கா"வை மாற்றினால் கொம்பு அநாதையாக முன்னால் நிற்கும். கடைசியில் யூனிகோட் என்எஃப்சி இயல்பாக்கம் செய்யுங்கள். இல்லாவிட்டால் "கொ" சில இடத்தில் ஒரே குறியாகவும் சில இடத்தில் இரண்டாகவும் இருந்து, தேடினால் பாதிதான் கிடைக்கும்.

---

முக்கால்குறி:

சேமித்த இணையப் பக்கங்கள் பெரும்பாலும் டிஸ்கியாக இருக்கும். அடையாளம் எளிது: "தமிழ்" என்ற சொல் முக்கால் பின்னக் குறியில் தொடங்கும், நடுவில் சென்ட் குறி வரும். முதல் 128 இடம் ஆங்கிலத்துக்கே விடப்பட்டதால் பாமினியின் ஆங்கிலக் குழப்பம் இதில் இல்லை. லினக்ஸில் உள்ள ஐகான்வ் கருவிக்கு டிஸ்கி நேரடியாகத் தெரியும், தனி மாற்றி வேண்டாம்.

கவனிக்க இரண்டு. டிஸ்கி 1.6-இல் "இ" 173-ஆம் இடத்தில் இருந்தது. அது மற்ற உலகத்துக்கு "தேவைப்பட்டால் மட்டும் தெரியும்" இணைப்புக்கோடு. உலாவிகள் அதை மறைத்துவிட்டன. 1.7-இல் "இ" 254-க்குப் போனது. உங்கள் கோப்பில் "இந்த" என்பது "ந்த" என்று தெரிந்தால் எழுத்து அழிந்துவிட்டதாக முடிவு செய்யாதீர்கள், 173-ஆம் பைட் உள்ளே இருக்கிறதா என்று ஹெக்ஸ் பார்வையில் (பைட்டுகளை எண்ணாகக் காட்டும் நிரலில்) பாருங்கள்.

இரண்டாவது, யாரோ ஒருவர் இடையில் அந்தக் கோப்பை மேற்கத்திய எழுத்தாக எண்ணி யூடிஎஃப்-8 ஆகச் சேமித்திருக்கலாம். அப்படியானால் முதலில் யூடிஎஃப்-8-இலிருந்து விண்டோஸ்-1252-க்குத் திருப்பி, பிறகு டிஸ்கியிலிருந்து யூடிஎஃப்-8-க்கு மாற்ற வேண்டும். 1252-க்குப் பதிலாக ஐஎஸ்ஓ 8859-1 என்று கொடுத்தால் ஜ, ஷ, ஸ, ஹ இருக்கும் 131 முதல் 134 வரையிலான இடங்களில் மாற்றம் முறிந்துபோகும்.

இந்தக் கூத்தெல்லாம் எழுத்துரு விற்றவர்கள் ஆளுக்கொரு குறியீடு வைத்ததன் விளைவு. சந்தையைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக ஒரு மொழியின் ஆவணங்களையே பூட்டி வைத்தார்கள். 1999-இல் சென்னைத் தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டேம், டேப் என்று தரம் வந்த பிறகும் பலர் மாறவில்லை. இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

---

எழுத்துருக்காரி:

முக்கால்குறி, பூட்டி வைத்தார்கள் என்பதில் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் பாமினியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். விண்டோஸ் 98-க்குக் கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து போடும் திறமை இயல்பாகக் கிடையாது. விண்டோஸ் 2000-இல்தான் லதா எழுத்துருவோடு அது வந்தது. எக்ஸ்பியில்கூட வட்டார அமைப்புக்குள் போய் "சிக்கலான வரிவடிவ" ஆதரவை டிக் செய்து, சிடியைத் தேடிப் போட வேண்டியிருந்தது. அதுவரை வடிவத்தை வடிவமாகவே அடுக்கும் எழுத்துருதான் வழி. தட்டச்சுப் படித்த கை அப்படியே ஓடியது. ஏழு பிட் மட்டும் கடத்தும் மின்னஞ்சல் வழிகளில் மேல் 128 இடத்து டிஸ்கி சிதைந்தபோது பாமினி சேதமில்லாமல் போய்ச் சேர்ந்தது. அது அன்றைக்குக் கிடைத்த கருவி.

டேஸ் 16 பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், அது இயங்காத இடங்களுக்கு டேஸ் 16-ஐயும் ஏற்றது. டேஸ் ஆதரவாளர்களின் வாதத்தில் நியாயம் உண்டு: "தமிழ்" மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறி, யூடிஎஃப்-8-இல் 15 பைட். எழுத்தை எண்ணவும் அகரவரிசைப்படுத்தவும் கூடுதல் நிரல் எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் டேஸ் இருப்பது யூனிகோடின் தனியார் பயன்பாட்டுப் பகுதியில். அதே இடத்தை வேறொருவர் வேறு எதற்கும் வைத்துக்கொள்ளலாம். தேடுபொறிக்கும் கைப்பேசிக்கும் அது வெற்றுக் கட்டம். பாமினியிலிருந்து மீட்டதை மறுபடி ஓர் எழுத்துருவை நம்பும் குறியீட்டில் போடாதீர்கள்.

---

சிற்றிதழ்ப்பெட்டி:

மிக்க நன்றி. "ா்" மாற்றத்தைச் செய்து பார்த்தேன், ஒரே கோப்பில் இருநூற்றுக்கு மேல் சரியாயின. கடிதங்கள் விஷயம்?

---

பதிப்புரிமைப்பக்கம்:

இதழில் அச்சான கடிதம் வேறு, ஆசிரியருக்கு வந்து அச்சாகாத கடிதம் வேறு. அச்சாகாததை எழுதியவரோ குடும்பமோ சம்மதிக்காமல் வெளியிடாதீர்கள். அதில் வீட்டு முகவரி, நோய், கடன், சாதி எல்லாம் இருக்கும். எழுதியவர் ஒரே ஒருவர் படிக்கத்தான் எழுதினார்.

அச்சானதும் பொதுவில் பதிவானதும் பழசு என்பதாலேயே பொதுச்சொத்து ஆகிவிடாது. இந்தியாவில் எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. புனைபெயரில் எழுதி, யாரென்று வெளியில் தெரியாமலே இருந்தால் வெளியான ஆண்டிலிருந்து 60. ஆக 2001-இல் எழுதியது எதுவும் இன்னும் பொதுச்சொத்து அல்ல. இதழ் உரிமையாளர், எழுத்தாளர்கள் இருவரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2001-இல் நூறு பேர் படிப்பார்கள் என்று நினைத்துச் சண்டை போட்டவரின் எழுத்து டிஸ்கியில் இருக்கும்வரை தேடலில் அகப்படாது. யூனிகோடுக்கு மாற்றி ஏற்றிய அன்றே அவர் பெயரைத் தேடும் எவருக்கும் முதல் பக்கத்தில் வந்து நிற்கும். புனைபெயர்களை இயற்பெயரோடு இணைக்காதீர்கள், தெரிந்திருந்தாலும்.

அதற்காக அழிக்கவும் கூடாது. ஜியோசிட்டீஸ் என்ற இலவச இணையப்பக்கத் தளம் 2009-இல் மூடியதும், யாகூ குழுமங்களின் உள்ளடக்கத்தை 2019 இறுதியில் நீக்கியதும் நினைவிருக்கும். அங்கே இருந்த தமிழில் யாரும் படி எடுக்காதது போனது போனதுதான். முழுப் படிமத்தை இரண்டு வேறு ஊர்களில், இரண்டு வேறு வட்டுகளில் பூட்டி வையுங்கள். ஒப்புதல் வந்ததை மட்டும் ஏற்றுங்கள். எழுத்துருக் கோப்புகளைப் பொதுவில் போடாதீர்கள், அவற்றுக்கும் உரிமையாளர் உண்டு. நீங்கள் போட்ட இட அட்டவணையைப் போடலாம்.

---

சாலிடர்கம்பி:

படிமத்தைப் பூட்டும் முன் ஷா-256 கூட்டுத்தொகை (கோப்பு பிறகு மாறியதா என்று காட்டும் எண்) எடுத்து ஒரு தாளில் அச்சிட்டு, கழற்றிய வட்டோடு சேர்த்து உறையில் போடுங்கள். எந்த எழுத்துரு எந்தக் குறியீடு என்ற அட்டவணையையும் அதே உறையில் வையுங்கள். வட்டை ஞெகிழிப் பையில் போடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். காகித உறை, கூடவே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும்.