படிப்புக் குழுவில் விடைத்தாள்களைப் பரப்பியபோது

கணக்கு ஆசிரியை:
நாங்கள் சில கணக்கு ஆசிரியர்கள் சேர்ந்து படிப்புக் குழு ஒன்று நடத்துகிறோம். முதலில் ஒருவர் கட்டுரை வாசிப்பார், மற்றவர்கள் தலையாட்டுவோம், அப்புறம் பாடம் முடியவில்லை என்று புலம்பல். ஒருவர் பிள்ளைகளின் விடைத்தாள்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பிய அன்றுதான் குழுவுக்கு உயிர் வந்தது.

கேள்வி சுலபம்: 0.8, 0.35 இரண்டில் எது பெரியது? பலர் 0.35 என்று எழுதியிருந்தார்கள். கவனக்குறைவு என்று தள்ளிவிடப் பார்த்தோம். ஆனால் 0.42, 0.67 கேட்டால் அதே பிள்ளைகள் சரியாகச் சொல்கிறார்கள். புள்ளிக்குப் பின்னால் வருவதை முழு எண்ணாகப் படிப்பதால், 8-ஐ விட 35 பெரிதாகிவிடுகிறது. இலக்கங்கள் சம எண்ணிக்கையில் இருந்தால் இந்தத் தப்பு வழியிலும் சரியான விடை கிடைத்துவிடும். நாங்கள் தேர்வில் வைத்த கணக்குகள் முக்கால்வாசி அப்படிப்பட்டவை! 0.8 என்று சரியாக எழுதிய ஒரு மாணவியிடம் காரணம் கேட்டோம். "பத்தில் ஒன்று நூறில் ஒன்றைவிடப் பெரிசு, அதனால இலக்கம் குறைஞ்சா பெரிசு" என்றாள். அந்தக் கணக்கில் 0.75-ஐ விட 0.3 பெரியது.

அதன்பிறகு ஜப்பானிய ஆசிரியர்களின் 'பாட ஆய்வு' முறையைக் கையிலெடுத்தோம். 1999-இல் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் எழுதிய நூல் வழியாக வெளியுலகில் பரவலாகப் பேசப்பட்ட முறை அது. பாடத்தைச் சேர்ந்து திட்டமிட வேண்டும், ஒருவர் நடத்த வேண்டும், மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பெடுக்க வேண்டும். பார்க்க வந்தவர் சொல்லிக்கொடுக்கக் கூடாது. வாத்தியார் வாயை மூடிக்கொண்டு உட்கார்வது லேசுப்பட்ட காரியமா?

நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் ஒரு பையன் 0.8-ஐ 0.80 என்று எழுதினான். "பூஜ்யம் சேர்த்தா பத்து மடங்கு ஆயிடும்" என்றாள் பக்கத்துப் பெண். உடனே அழித்துவிட்டான். பாடம் நடத்தியவருக்கு இது தெரியவே தெரியாது. அடுத்த பிரிவில் நூறு கட்டத் தாளில் 0.8-ஐயும் 0.80-ஐயும் நிறம் தீட்டவைத்த பிறகே பூஜ்யத்தைப் பற்றிப் பேசினோம். அழித்துத் திருத்துவது குறைந்தது. ஒரு வகுப்பை வைத்து இது எங்கும் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அறிவியல் ஆசிரியர்:
கொடுத்து வைத்தவர் நீங்கள், டீச்சர். ஆசிரியர் தன் வகுப்புச் சிக்கலைத் தானே ஆராய்ந்து தீர்வு தேடுவதுதான் 'செயலாய்வு'; நான் இருந்த குழுவில் அது வருடக் கடைசியில் நிரப்பித் தரும் படிவம். முடிவை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்ற முன்தேர்வு, பின்தேர்வு மதிப்பெண்களைத் தேடுவோம். முன்னேறாத பிள்ளை அட்டவணையில் இருக்கவே மாட்டான். மேலிடத்துக்கு அறிக்கை போய்க்கொண்டிருக்கும் வரை யாரும் தன் வகுப்புத் தாளை வெளியே எடுக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். எங்கள் பிள்ளைகள் அடர்த்தி கணக்கில் தடுமாறுவதற்கும் இந்தத் தசமம்தான் காரணமோ என்று இப்போது சந்தேகம். அந்தக் கேள்வித்தாளை அனுப்புங்கள், திங்கட்கிழமையே கொடுத்துப் பார்க்கிறேன்.