சைகை மொழி உரைபெயர்ப்பாளர் தேர்வில் தேர்வரின் அந்தரங்கமும் மறுதேர்வும்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்

அனைவருக்கும் வணக்கம். இந்திய மறுவாழ்வு மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற ஈராண்டு இந்தியச் சைகை மொழி உரைபெயர்ப்புப் பட்டயப் படிப்பை முடித்து, அம்மன்றத்தின் மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்து பணியாற்றி வருகிறேன். எங்கள் செய்முறைத் தேர்வு முடிந்த பிறகு நடந்த ஒன்றைச் சொல்லி, மற்றவர்களின் அனுபவத்தையும் கேட்டறிய விரும்புகிறேன். நாங்கள் படித்த நிறுவனம், தேறியவர், தேறாதவர் என்ற பாகுபாடின்றி அனைவரின் மதிப்பெண்களையும் பெயருடன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டது. அதோடு நிற்காமல், எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு எடுத்துக்காட்டாக, தேறாத ஒரு மாணவியின் தேர்வுக் காணொளியிலிருந்து ஒரு சிறு பகுதியையும் ஆசிரியர் ஒருவர் பகிர்ந்தார். எங்களுக்குப் பயிற்சி அளித்த காது கேளாத ஆசிரியர்களும், நாளை எங்களைப் பணிக்கு அழைக்க வேண்டிய காது கேளாதோர் சங்கப் பொறுப்பாளர்களும் அதே குழுவில் இருந்தார்கள்.

எழுத்துத் தேர்வில் விடைத்தாளுக்கு டம்மி எண் கொடுத்துப் பெயரை மறைத்துவிடலாம். எங்கள் தேர்விலோ முகமும் கைகளும்தாம் விடைத்தாள். புருவம் உயர்வதும் உதடு அசைவதும் இலக்கணத்தின் பகுதி என்பதால், முகத்தை மங்கலாக்கினால் மதிப்பிடுவதற்கு எதுவும் மிஞ்சாது. தோல் நிறத்திலிருந்து மாறுபடும் ஒற்றை நிறச் சட்டை, வளையலும் மோதிரமும் இல்லாத கைகள், இடுப்புக்கு மேல் முழுவதும் தெரியும்படி நிறுத்திய கேமரா என்று, எல்லா ஏற்பாடும் தேர்வரைத் தெளிவாகக் காட்டுவதற்காகவே செய்யப்படுகிறது. அந்த மாணவி துணைத்தேர்வு எழுதவே தயங்கினார். மற்ற இடங்களில் இதை எப்படிக் கையாளுகிறார்கள்?

டெக்சாஸிலிருந்து

சகோதரியின் கேள்விக்கு என் அனுபவம் ஓரளவு விடையளிக்கலாம். அமெரிக்காவில் 1964-இல் தொடங்கப்பட்ட உரைபெயர்ப்பாளர் பதிவகமான ஆர்ஐடி-தான் நாடு தழுவிய சான்றிதழை வழங்குகிறது. தேர்வை நடத்தும் பொறுப்பு 2016 முதல் காஸ்லி என்னும் தனி அமைப்பிடம் இருக்கிறது. இவை தவிர, டெக்சாஸ் மாநில அரசு பிஇஐ என்ற பெயரில் தனக்கென ஒரு தேர்வை நடத்துகிறது. சான்றிதழ் கொடுப்பவரும் தேர்வு நடத்துபவரும் வேறு வேறாக இருப்பது வெளிப்பார்வைக்கு நிர்வாகச் சடங்கு போலத் தோன்றினாலும், தேர்வர் பக்கத்திலிருந்து பார்த்தால் அதற்கு ஒரு பயன் உண்டு: தொழிற்சங்கம் போலச் செயல்படும் ஓர் அமைப்பில், மாநாட்டில் உங்களுடன் தேநீர் அருந்துபவரின் மேசைக்கு உங்கள் தோல்வி விவரம் போக வேண்டிய தேவை இல்லை.

தேர்வுக்கு முன் நாம் ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டுப்படுத்துகிறது. தேர்வில் வந்த உரையாடல்களையும் சூழல்களையும் எவரிடமும் சொல்ல மாட்டோம் என்று நாம் உறுதியளிக்கிறோம். நம் பதிவும் முடிவும் வெளியே போகாது என்று அவர்கள் உறுதியளிக்கிறார்கள். பொதுமக்கள் தேடிப் பார்க்கும் பட்டியலில் சான்றிதழ் பெற்றவர்களைத் தேடலாமே தவிர, யார் தேறவில்லை என்ற விவரம் அதில் கிடைப்பதில்லை. நான் முதல் முறை தேறாதபோது அந்த அஞ்சல் எனக்கு மட்டுமே வந்தது. நான் பணியாற்றிய முகமைக்குக் கூடத் தெரியாது. இதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மறுதேர்வைப் பொறுத்தவரை, உடனே மறுமுறை உட்கார முடியாது. குறிப்பிட்ட மாத இடைவெளி விட்டு, முழுக் கட்டணத்தையும் புதிதாகக் கட்ட வேண்டும். காத்திருப்பு பலருக்குத் தண்டனையாகத் தோன்றுகிறது. ஆனால் கேள்வித் தொகுதிகள் சிலவே இருக்கும் ஒரு தேர்வில், அடுத்த வாரமே திரும்பி வருபவர் தம் திறமையைக் காட்டுவதைவிட நினைவாற்றலைத்தான் காட்டுவார். எனக்கு உறுத்துவது வேறொன்று. அறிவுத் தேர்வில் தேறியவர் ஐந்து ஆண்டுகளுக்குள், உரைபெயர்த்துக் காட்டும் செயல்முறைத் தேர்வையும் முடிக்க வேண்டும். இரண்டு மூன்று முறை தேறாமல் போனால் இடைவெளிகளிலேயே அந்தக் காலம் கரைந்துவிடுகிறது. 2016-இன் தொடக்கத்தில் செயல்முறைத் தேர்வுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. பிறகு பொதுவான தேர்வு திரும்ப வந்துவிட்டபோதிலும், காது கேளாத உரைபெயர்ப்பாளர்களுக்கான தேர்வு பல ஆண்டுகள் நடைபெறவே இல்லை. மறுதேர்வு விதி எவ்வளவு நியாயமாக எழுதப்பட்டிருந்தாலும், தேர்வே நடக்காவிட்டால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இல்லினாயிலிருந்து, பள்ளி உரைபெயர்ப்பாளர்

மேலே சொன்னவற்றுடன் பள்ளிகளின் நிலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிகளில் பணியாற்றுவோருக்கு நெப்ராஸ்காவின் ஓமஹாவில் உள்ள பாய்ஸ் டவுன் தேசிய ஆராய்ச்சி மருத்துவமனை நடத்தும் ஈஐபிஏ மதிப்பீடு இருக்கிறது. இதில் தேறினார், தேறவில்லை என்ற முடிவு கிடையாது. 0 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் வரும். அதில் எது போதுமானது என்பதை மாநிலங்கள் தீர்மானிக்கின்றன. சில மாநிலங்களில் 3.5 போதும், சில மாநிலங்களில் 4.0 வேண்டும். பதிவு செய்யும் இடத்தில் யாரும் நமக்கு மதிப்பெண் போடுவதில்லை. காணொளி ஓமஹாவுக்குப் போய், காது கேளாத ஒருவரேனும் இடம்பெறும் குழுவால் மதிப்பிடப்படுகிறது. உள்ளூர்க்காரர்கள் கண்ணில் படாமல் மதிப்பிடப்படுவது சிறிய ஊர்களில் இருப்பவர்களுக்கு எவ்வளவு நிம்மதி என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

சிக்கல் முடிவு வந்த பிறகு தொடங்குகிறது. பேச்சிலிருந்து சைகைக்கு, சைகையிலிருந்து பேச்சுக்கு, சொல்வளம், ஒட்டுமொத்தக் கூறுகள் என நான்கு பிரிவுகளில் நம் பலவீனங்களை விரிவாக எழுதி அனுப்புகிறார்கள். விரல் எழுத்துகளை வாசிப்பதில் தடுமாறுகிறார் என்பது போன்ற குறிப்புகள் கற்பதற்கு அருமருந்து. நேர்காணலுக்கு அழைத்த ஒரு பள்ளி நிர்வாகம், ஒட்டுமொத்த மதிப்பெண்ணோடு அந்த விரிவான அறிக்கையையும் கேட்டது. மாநில விதி கேட்பது மதிப்பெண்ணை மட்டுமே என்று பணிவாகச் சொல்லி, அதை மட்டும் கொடுத்தேன். முகம் சுளித்தார்கள்; ஆனால் வேலை கிடைத்தது. கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிட வேண்டாம் என்று புதியவர்களிடம் சொல்லி வருகிறேன். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் உயர்ந்துவிட்டாலும், பழைய அறிக்கை அவர்களுடைய கோப்பிலேயே தங்கிவிடும்.

சிட்னியிலிருந்து

சுருக்கமாக ஒன்று. ஆஸ்திரேலியாவில் பேச்சு மொழிகளுக்கும் ஆஸ்லான் சைகை மொழிக்கும் சேர்த்து நாட்டி என்ற ஒரே அமைப்புதான் சான்றளிக்கிறது. குடியேற்றப் புள்ளிகளுக்காக அது தமிழில் நடத்தும் சிசிஎல் தேர்வை நம்மவர்கள் பலர் எழுதியிருப்பீர்கள். 90-க்கு 63 எடுக்க வேண்டிய அதே தேர்வுதான். தேர்வு முடிந்த அன்று மாலையே, தேர்வில் வந்த உரையாடல்களை வரிவரியாகக் குழுக்களில் பகிரும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது விதிமீறல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஆஸ்லான் போலத் தேர்வர்கள் குறைவாக உள்ள மொழியில் அப்படி ஒரு உரையாடல் வெளியானால், பகிர்ந்தவர் யார் என்று ஊகிக்க ஐந்து நிமிடம் கூட ஆகாது. தேர்வின் இரகசியத்தைக் காப்பவர் தம் அடையாளத்தையும் சேர்த்தே காத்துக்கொள்கிறார்.

மதுரையிலிருந்து, சட்டம் அறிந்த ஓர் உறுப்பினர்

சென்னைச் சகோதரியின் கேள்விக்கு இந்தியாவில் உள்ள வழிகளைச் சொல்கிறேன். பொது அதிகார அமைப்பு நடத்தும் தேர்வாக இருந்தால், தம் விடைத்தாளைப் பார்க்கத் தேர்வருக்கு உரிமை உண்டு என்று 2011-இல் சிபிஎஸ்இ தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடைத்தாளை மதிப்பிட்டவர்களின் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்பதை 2016-இல் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணைய வழக்கிலும் தெளிவுபடுத்தியது. மத்திய அமைப்பு என்றால் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுச் செய்யலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். என் கட்சிக்காரர் ஒருவர் தம் செய்முறைக் காணொளியைக் கேட்டபோது, அதில் சைகை செய்த காது கேளாதவரும் இருக்கிறார், அவர் மூன்றாம் நபர் என்று சொல்லி அலுவலர் மறுத்தார். மேல்முறையீட்டில் வாதாடி, மதிப்பீட்டுப் படிவத்தின் நகலை மட்டும் வாங்க முடிந்தது. அந்த மறுப்பில் ஓரளவு நியாயமும் இருந்ததை நான் மறுக்கவில்லை. தம் பேச்சு ஒரு தேர்வுக்காகப் பதிவாகிறது என்று ஒப்புக்கொண்டவர், அது வேறொருவரின் கைபேசியில் சுற்றுவதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. சென்னைச் சம்பவத்தில் பகிரப்பட்ட காணொளியில் அப்படி ஒருவர் இருந்திருந்தால், அந்த மாணவியோடு அவரும் பாதிக்கப்பட்டவரே.

2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்திற்காகத் தரவு பெறப்பட்டதோ அந்த நோக்கத்திற்கே பயன்பட வேண்டும் என்ற கொள்கையில் நிற்கிறது. அதன் கடமைகள் படிப்படியாகவே நடைமுறைக்கு வருகின்றன. ஆயினும் நிறுவனத்திற்கு எழுத்தில் முறையிட்டு, காணொளியை நீக்கச் சொல்லிக் கேட்பதற்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

கோவையிலிருந்து, காது கேளாத மதிப்பீட்டாளர்

மதிப்பெண் போடும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு தேர்வில் திரையில் தோன்றிய முகம், என் தாயாரை மருத்துவமனையில் சேர்த்தபோது எனக்காக உரைபெயர்த்தவருடையது. நோயின் விவரம் முழுவதும் அறிந்தவர் அவர். நன்றியுணர்வோடு மதிப்பெண் கூட்டிவிடுவேனோ, அதை அஞ்சிக் குறைத்துவிடுவேனோ என்று எனக்கே தெரியவில்லை. ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன், அவர் என்னிடம் மேற்கொண்டு காரணம் கேட்காமல் அந்தக் காணொளியை வேறொருவருக்கு மாற்றினார். காரணம் கேட்டிருந்தால் எங்கள் இருவரின் அந்தரங்கமும் அங்கே திறந்திருக்கும்.

மறுதேர்வுக்கு வந்தவரை முதல் முறை மதிப்பிட்டவரே மீண்டும் மதிப்பிடக் கூடாது என்பதும் என் உறுதியான கருத்து. ஒருவர் சென்ற முறை எங்கே தடுமாறினார் என்பது எனக்கு மறப்பதில்லை. அவர் அந்த இடத்தை நெருங்கும்போதே என் பேனா தாளை நோக்கிப் போய்விடுகிறது. எங்கள் பகுதியில் சைகை மொழி மதிப்பீட்டாளர்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருப்பதால் இது எளிதன்று. வெளிமாவட்டத்திலிருந்து ஒருவரை அழைக்கும் பயணச் செலவைத் தேர்வுக் கட்டணத்திலேயே சேர்த்துவிடலாம் என்று இருமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன்; பதில் இன்னும் வரவில்லை.